பதின்மூன்று பேரின் ஒரே பதில்

“அப்பா, தூங்கும்போது வண்டிக்கு என்ன கனவு வரும்?” என்று மாதுரி ஐந்து வயதில் கேட்டாள். அவள் அப்பா சுந்தர்ராமன் ஊர் ஊராகப் போகும் அரசு மதிப்பீட்டாளர். தாமிரபரணிக் கரையோரம் ஸ்கூட்டரில் போகும்போதெல்லாம் அந்தக் கேள்வியும் பின்சீட்டில் ஏறிக்கொள்ளும். இருபுறமும் இளநாற்று மிதக்கும். மருதமர நிழல் தார்ச்சாலையில் தண்ணீர்போல் அசையும்.

1994 ஐப்பசியில் அவர் பையில் அரசாங்கப் படிவங்கள் இருந்தன. டைட்டஸ் நடத்தும் மோட்டார் மெக்கானிக் பயிற்சி நிலையத்தில் படித்து முடித்த இருபது பேர், ஒரு வருடம் கழித்து என்ன செய்கிறார்கள் என்று மதிப்பிட வேண்டும். பாதிப் பேராவது வேலையில் இருந்தால்தான் மானியம், இல்லையென்றால் அது நின்றுபோகும். நிலையத்தைப் பூட்ட வேண்டியதுதான். பதினாறு பேரைப் பார்த்தாயிற்று. பதின்மூன்று பேர் ஒன்றுபோலச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்: “வேலை இல்ல சார்.”

சேரன்மகாதேவி தாண்டியதும் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. எதிரே வேப்பமரத்தடியில் ஒரு பட்டறை. எண்ணெய் படிந்த சட்டைக்காரன் ஒருவன், யார் எவர் என்று கேட்காமல், கார்புரேட்டரைக் கழற்றி ஊதி மாட்டினான். வண்டி உயிர்பெற்றது. காசை நீட்டினால் வாங்க மறுத்தான்.

“ஒரு ஊதலுக்கா காசு? பைய போங்க சார், தூறல் போடுது.”

“பேரு என்னப்பா?”

“மதார்.”

பட்டியலில் பதினேழாவது பெயர். அவர் படிவத்தை எடுத்ததும் ஸ்பேனர் அவன் முதுகுக்குப் பின்னால் போனது.

“வேலை இல்ல சார்.”

பக்கத்து டீக்கடை தங்கத்தாய் சிரித்துவிட்டாள். “ஏலே மதாரு, காலையிலருந்து மூணு வண்டியப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு வேலை இல்லங்கியே!”

“சும்மா இருங்கக்கா. வேலை இல்லன்னு சொன்னாத்தான் கவருமெண்டு டூல்ஸ் பெட்டி குடுக்குதாம். எல்லாப் பயலும் அப்படித்தான் சொல்லிருக்கான்.”

“பெட்டியெல்லாம் இல்லப்பா,” என்றார் சுந்தர்ராமன். “இப்படிச் சொன்னா டைட்டஸ் நிலையத்தை மூடிடுவாங்க.”

மதார் ஸ்பேனரைக் கீழே வைத்தான். “அல்லா! அந்த மனுசன் தன் சோத்துல பாதிய எனக்குத்தான சார் வைப்பாரு. வேலை இருக்குன்னு எழுதுங்க. மத்தவன் எவன் எங்க வேலை பாக்கான்னு நான் சொல்லுதேன்.”

திங்கட்கிழமை அறிக்கை போக வேண்டும். கையெழுத்தான படிவங்களை அப்படியே அனுப்பினாலும் அவரை யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் வாங்க மறுத்த கூலி மனதில் கனத்தது. நல்லவன் ஒருவன் வாங்காததை ஆண்டவன் வேறிடத்தில் கொடுக்கச் சொல்வான்.

சனிக்கிழமை மீதி மூவரையும் பார்த்து முடித்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலும் சொல்லாமல் தனியே கிளம்பினார். கல்லிடைக்குறிச்சி, மணிமுத்தாறு என்று மதார் சொன்ன இடமெல்லாம் போய், பொய் சொன்னவர்கள் தன்னைக் கண்டு கூசிவிடாதபடி சாலைக்கு இப்பால் நின்று பார்த்தார். படிவத்தின் அடியில் ‘மதிப்பீட்டாளர் நேரில் கண்டது’ என்றொரு கட்டம் உண்டு, யாரும் நிரப்புவதில்லை. அதில் கண்டதை எழுதினார். பதின்மூன்றில் இரண்டு பேருக்கு உண்மையிலேயே வேலை இல்லை. அந்தப் படிவங்களைத் தொடவில்லை.

கடைசியாகத் திசையன்விளை. செம்மண் புழுதி வெயிலில் பொன்னாய் மிதந்தது. லாரிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீண்டிருந்தன. உள்ளிருந்து மெல்லிய சீட்டிச் சத்தம் கேட்டது. அது நின்று, முகம் வெளியே வரும்வரை காத்திருந்தார். ‘வேலை இல்ல சார்’ என்று கையெழுத்துப் போட்ட அவனேதான். அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனதும், ‘வேலை செய்கிறார்’ என்று எழுதி மடித்துப் பையில் வைத்தார். ஸ்கூட்டரைக் கிளப்பாமல், அடுத்த திருப்பம்வரை சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டே நடந்தார்.