இருபத்தாறு வயது அக்கா

அந்தக் குடும்பத்தில் பத்தொன்பது வயது முடிந்தவர்கள், தங்களோடு பிறக்காத ஓர் அக்காவை நினைத்து ஏங்கத் தொடங்குவார்கள். எல்லோருக்கும் வராது, நாலு பிள்ளைகள் பிறந்தால் இரண்டு பேருக்கு வரும். பிறந்தநாள் கழிந்த ஒரு வாரத்துக்குள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை பாதியில் கையை எடுத்து, வாசலைப் பார்த்து, "அக்கா இன்னும் வரலையே" என்று சொல்லும். வீட்டில் மற்றவர்கள் பதற மாட்டார்கள். பையனுக்கு மீசை முளைத்ததைப் போல அதையும் எடுத்துக்கொண்டு, தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிடச் சொல்வார்கள். அன்று முதல் அந்தப் பிள்ளை கதவைத் தாழ்ப்பாள் போடாது. பேருந்தில் ஏறினால் பக்கத்து இருக்கைக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் கேட்கும். அந்தக் குடும்பத்தில் பல்செட் செய்து பிழைக்கும் ஒருவர் இருந்தார். அந்தப் பல்செட்காரரின் அத்தை தன் கல்யாணத்தைப் பதிவு செய்யப் போன இடத்தில், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை நல்ல மனிதர், பொறுத்துக்கொண்டார்.

அந்த அக்காவுக்கு வயது இருபத்தாறு. இடப்பக்கம் ஒரு தெத்துப்பல். வலது கைச் சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருக்கும். நடக்கும்போது இடது பாதம் கொஞ்சம் வெளியே திரும்பும். பேசும்போது கடைசிச் சொல்லில் குரல் கரகரக்கும். இதையெல்லாம் ஒருவருக்கொருவர் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று சந்தேகப்பட வழியில்லை. பல்செட்காரரின் அப்பாவும் அத்தையும் ஓர் அலமாரிக்காகச் சண்டை போட்டுப் பதினோரு வருடம் முகம் பார்க்காமல் இருந்தவர்கள். ஆனாலும் அக்காவைப் பற்றித் தனித்தனியாகக் கேட்டால், சுண்டுவிரல் வரைக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். ஏங்குகிறவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகும், அக்காவுக்கு மட்டும் ஆகாது. எழுபது வயதில் சாகும்போதுகூட அத்தை தன்னைவிட நாற்பத்து நாலு வயது இளையவளை அக்கா என்றுதான் தேடினார்.

இதன் தொடக்கம் ஒரு பழைய வெள்ள நிவாரண முகாமின் பதிவேட்டில் இருக்கிறது. பல்செட்காரரின் கொள்ளுத்தாத்தாவுக்குப் பத்தொன்பது வயதானபோது ஆறு ஊருக்குள் வந்தது. படகில் ஓர் ஆளுக்குத்தான் இடம் இருந்தது. இருபத்தாறு வயது அக்கா தம்பியைப் பிடித்து உள்ளே தள்ளி, நீ போ, நான் அடுத்ததில் வருகிறேன் என்றாள். அடுத்த படகு வேறு கரைக்குப் போய்விட்டது. அந்தக் கரையில் அவளும் இந்தக் கரையில் அவருமாகப் பிழைத்து, ஆளுக்கொரு குடும்பமாகப் பெருகி, கடைசிவரை ஒருவரையொருவர் கண்டுபிடிக்காமலே போய்ச்சேர்ந்தார்கள். கொள்ளுத்தாத்தா அதைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை. திறந்து பேசியிருந்தால் அது ஒரு கதையாகிப் பாதியில் மறந்துபோயிருக்கும். பேசாததால் இரத்தத்தில் இறங்கிவிட்டது.

பல்செட்காரர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் வேலை பார்த்தார். ஊரில் உள்ள நாலு பல் மருத்துவமனைகளிலிருந்தும் நோயாளிகளின் வாய் அச்சுகள் நம்பர் போட்ட பெட்டிகளில் அவர் மேஜைக்கு வரும். அவர் அதில் சாந்தை ஊற்றி, காயவைத்து, மெழுகில் ஈறு பிடித்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, இளஞ்சிவப்பு நிறத்தில் செட்டாக்கித் திருப்பி அனுப்புவார். யாருடைய முகத்தையும் அவர் பார்த்ததில்லை, வாயை மட்டும்தான் தெரியும். அவருக்கு ஏக்கம் பத்தொன்பதாம் வயதில், குறித்த வாரத்தில் வந்தது. வெளியூரிலிருந்து வந்து இறங்கியதும், கூட்டிப்போக யாராவது வந்திருக்கிறார்களா என்று கண் கூட்டத்தில் துழாவுமே, அந்த மாதிரி ஏக்கம். அவருக்கு அது நாள் முழுக்க இருந்தது. வீட்டில் மூத்த பிள்ளை அவர். தம்பிகளை அதட்டியே வளர்ந்தவர். தன்னை ஒருவர் "டேய்" என்று அதட்டிச் சாப்பிட உட்கார வைக்கமாட்டாரா என்று அவர் மனம் கிடந்து தவித்தது.

இருபத்தெட்டாம் வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நூற்றுப் பதினேழாம் நம்பர் பெட்டியில் அக்காவின் தெத்துப்பல் வந்தது. கொஞ்சமும் பிசகாமல், அவர் ஒன்பது வருடமாக நினைத்து நினைத்து ஏங்கிய அதே பல். வேலையை அப்படியே போட்டுவிட்டு முகவரி கேட்டு ஓடினார். கதவைத் திறந்தவர் நகரப் பேருந்து ஓட்டும் இளைஞர். தொண்ணூறு கிலோ எடை, வாயை மூடும் அளவுக்கு மீசை. அவர் சிரித்தபோது மீசைக்கு அடியில் அக்காவின் பல் எட்டிப் பார்த்தது. பல்செட்காரருக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தார்.

மறுநாள் அந்தச் சாந்து அச்சைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பெரிய மருத்துவமனையின் மரபணுப் பரிசோதனைக்கூடத்துக்குப் போனார். அங்கே வேலை செய்த பெண்ணிடம், "ஒருத்தரோட பல்லு இன்னொருத்தர் வாயில எப்படிங்க வரும்?" என்று கேட்டார். அவள் முதலில் இது போலீஸ் விவகாரம் என்று நினைத்தாள். முழுக்கதையும் கேட்ட பிறகு ஒரு விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் நாலு கட்டம் போட்டு விளக்கினாள். ஒவ்வொரு குணத்துக்கும் உடம்பில் இரண்டு சீட்டு இருக்கும். அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. சீட்டில் சத்தக்காரச் சீட்டும் உண்டு, சாதுச் சீட்டும் உண்டு. பக்கத்தில் சத்தக்காரன் இருந்தால் சாது வாயே திறக்காது. ஆனால் வீட்டை விட்டும் போகாது. பிள்ளை பிறக்கும்போது, இருக்கிற இரண்டில் ஒன்றை யாரோ கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படி இரண்டு பக்கமிருந்தும் சாதுச் சீட்டே வந்து சேர்ந்தால், அன்றைக்குத்தான் அது பேசும். பல், விரல், நடை, குரல் எல்லாம் தனித்தனிச் சீட்டு. ஒன்று போன வீட்டுக்கு மற்றொன்று போக வேண்டும் என்று கட்டாயமில்லை. அப்படி ஓர் அக்கா எப்போதோ இருந்திருந்தால், அவள் வம்சத்தில் இப்படித்தான் சிதறிக் கிடப்பாள் என்றாள். பிறகு அவருடைய விரலில் குத்தி இரத்தம் எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். கண்ணாடிச் சில்லை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அவருடைய குரோமோசோம்கள் வாசலைப் பார்த்தே நின்றன. அவள் அதைச் சர்க்கரை அளவைக் குறிப்பதுபோலப் பதிவேட்டில் குறித்துக்கொண்டாள்.

இரண்டு வருடம் கழித்து அவளையே அவர் கல்யாணம் செய்துகொண்டார். முகாம் பதிவேட்டைத் தோண்டி எடுத்தது அவள்தான். மாமியார் தொல்லை இல்லாத வீடு என்று சொல்லிக் கட்டிவைத்தார்கள், வராத நாத்தனாரோடு குடும்பம் நடத்துகிறேன் என்று அவள் தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் தினமும் ஒரு தட்டைக் கூடுதலாகக் கழுவி வைத்தவளும் அவளேதான். புருஷன் வாசலைப் பார்க்கும்போது அவள் புருஷனைப் பார்ப்பாள். தன்னை ஒருநாளாவது அப்படித் தேடினால் போதும் என்று அவளுக்கும் இருந்தது.

பேருந்து ஓட்டுநரின் சொந்தபந்தங்களைப் பிடித்துப் பிடித்து, ஆறு வருடத்தில் பல்செட்காரர் மேலும் சிலரைக் கண்டுபிடித்தார். சுண்டுவிரல் ஒரு மருந்துக்கடைப் பெண்ணிடம் இருந்தது. அவள் மாத்திரை எண்ணுவதைப் பார்ப்பதற்காகவே அவர் இல்லாத தலைவலிக்கு மருந்து வாங்கினார். நடை ஒரு கணக்கு வாத்தியாரிடம் இருந்தது. குரலின் கரகரப்பு ஒரு லிஃப்ட் பழுதுபார்ப்பவரிடம் அகப்பட்டது. இந்த இடத்தில்தான், வேறு எந்தத் தொழில்காரரும் செய்யாத ஒரு தவறை அவர் செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் தேநீருக்குக் கூப்பிட்டு, தன் பட்டறையில், தாடையில் பல் நடுவதுபோல அளவெடுத்து நாற்காலி போட்டு உட்கார வைத்தார். ஓட்டுநரைச் சிரிக்கச் சொன்னார், வாத்தியாரை நடக்கச் சொன்னார், லிஃப்ட்காரரைப் பேசச் சொன்னார். தான் எதிரே உட்கார்ந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தார். பிஸ்கட் தின்றுகொண்டிருந்த நாலு பேர்தான் தெரிந்தார்கள். துண்டு துண்டாகச் சேர்த்தால் பல்செட் வரும், அக்கா வரமாட்டாள் என்பது அவருக்கு அன்று மாலை ஐந்தரை மணிக்குப் புரிந்தது. எல்லோரும் போன பிறகு மனைவி நாற்காலிகளை மடக்கி வைத்தாள், அவர் உதவிக்கு வரவில்லை.

அந்தத் தேநீரால் ஒரு காரியம் நடந்தது. அதுவரை ஒருவரையொருவர் பார்த்திராத தூரத்துச் சொந்தக்காரர்களான ஓட்டுநரும் மருந்துக்கடைப் பெண்ணும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து பேசி, அடுத்த வருடமே கல்யாணம் செய்துகொண்டார்கள். அதற்கடுத்த வருடம் பெண் குழந்தை பிறந்தது. பல்செட்காரர் போய்ப் பார்த்தார். குழந்தை மீசை மட்டும் இல்லாத ஓட்டுநராக இருந்தது. பல் இல்லை, நடை இல்லை, விரலை இறுக்கி மடக்கி வைத்திருந்தது. ஆறு மாதத்தில் ஓட்டுநருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்து, குடும்பத்தோடு போய்விட்டார்.

பல்செட்காரருக்கு ஒரே மகன். அவனுக்குப் பத்தொன்பது முடிந்த வாரம் முழுக்க, அவரும் மனைவியும் அவன் சாப்பிடும்போது மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் தட்டைக் காலி செய்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, பந்து விளையாடப் போனான். இந்த ஏக்கம் சத்தக்காரச் சீட்டு, இருந்தால் கத்தியிருக்கும், கத்தவில்லை என்றால் இல்லை, இனி அவன் பிள்ளைகளுக்கும் வராது என்று மனைவி கணக்குச் சொன்னாள். தம்பிகளுக்கு முதலிலேயே வரவில்லை. அத்தைக்குப் பிள்ளை இல்லை. அப்பா போய்விட்டார். பிள்ளை பிழைத்தான் என்ற நிம்மதி பல்செட்காரருக்கு ஒரு நாள் தங்கியது. மறுநாள் முதல் வேறொன்று அவரை அரித்தது. அக்காவைத் தேடுவதற்கு உலகத்தில் இனி அவர் ஒருவர்தான் பாக்கி. தான் கண்ணை மூடிவிட்டால், அதன்பிறகு அவள் வந்தாலும், வந்தது அக்கா என்று சொல்ல ஆள் இருக்காது. அந்தப் பயத்தில் அவர் கதவைத் தாழ்ப்பாள் போடாததோடு நிற்காமல், தாழ்ப்பாளையே கழற்றி வைத்தார்.

அறுபத்து மூன்றாம் வயதில், மழை விட்ட ஒரு காலையில், பட்டறையின் மாடிப்படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. இடது கால் கொஞ்சம் வெளியே பதிகிற சத்தம். கையிலிருந்த மெழுகு சொட்டிச் சொட்டி மேஜையில் விழுந்தது, அவர் துடைக்கவில்லை. வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில், பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற அப்பாவின் உடைந்த பல்செட் இருந்த டப்பா. டப்பாவைப் பிடித்திருந்த சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்திருந்தது. அப்பா சொன்ன முகவரி இதுதானா என்று கேட்கத்தான் அவள் வாயைத் திறந்தாள், இடப்பக்கம் தெத்துப்பல் தெரிந்தது.

"டேய், ஏன்டா இப்படி எளச்சுப் போயிட்ட?" என்று கரகரத்துக் கேட்டுவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, மன்னிச்சிடுங்க சார். எப்படி வாயில வந்துச்சுன்னே தெரியல."

"பரவால்ல அக்கா. உள்ள வா" என்றார் பல்செட்காரர்.

அவள் உள்ளே வந்து, நரைத்த தலையும் தடித்த கண்ணாடியுமாக நின்ற மனிதரை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்கும் சின்ன வயதிலிருந்தே, யாரையோ முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் போகாமல் விட்டுவிட்டது போல ஒரு உறுத்தல் உண்டு. "கொஞ்சம் லேட்டாயிடுச்சு" என்றாள். நூற்று முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். அவள் அதற்குள் அவர் காலையில் தொடாமல் வைத்திருந்த சாப்பாட்டு டப்பாவைக் கண்டுபிடித்து, அவரை அதட்டி உட்கார வைத்தாள். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.

அந்த வாரமே அவள் அதே தெருவில் வேலை தேடிக்கொண்டு குடிவந்தாள். ஊர் சில நாள் முறை வைப்பதில் தடுமாறியது. பல்செட்காரரின் மனைவி, தன்னைவிட முப்பத்தைந்து வயது சின்னவளை, "வாங்க அண்ணி" என்று கூப்பிட்டு முடித்துவைத்தாள். முப்பது வயது மகன் அத்தை என்றான். பல்செட்காரரைவிட இளையவரான ஓட்டுநருக்குத்தான் சங்கடம். அக்காவைப் பெற்றவர் தம்பிக்கும் அப்பா முறையாகிவிட்டதால், மகளைப் பார்க்க வரும்போது பல்செட்காரரை எதிரே பார்த்தால் வயதுக்கு மூத்தவர்போல் செருமிக்கொள்ள வேண்டியிருந்தது. தாழ்ப்பாளைத் திரும்பப் பொருத்தினார்கள். முதல்முறையாக ஒரு சாயங்காலம், மனைவி வீட்டுக்கு வர அரை மணி நேரம் தாமதமானபோது, பல்செட்காரர் எழுந்து போய் வாசலில் நின்று அவளைத் தேடினார். தெருமுனையில் திரும்பியவள் அதைப் பார்த்துவிட்டு மெதுவாக நடந்து வந்தாள்.

சில மாதம் கழித்துப் பித்தப்பையில் கல் என்று அவரைப் பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். மனைவி மருந்து வாங்கப் போயிருந்ததால் அக்காதான் பக்கத்தில் நின்றாள். சேர்க்கைப் பிரிவின் குமாஸ்தா படிவத்தை நிரப்பிக்கொண்டே, கூட வந்தது யார் என்று கேட்டார். தான் இவருக்கு அக்கா என்றாள். குமாஸ்தா அவளையும் அவரையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அக்கா என்று எழுதிக்கொண்டார்.

"உங்க வயசு?"

"இன்னிக்கோட இருபத்தேழு."

சக்கர நாற்காலியில் சுருண்டு கிடந்த பல்செட்காரர் தலையைத் தூக்கினார். அவருக்குத் தெரிந்தது, அப்பாவுக்கும் அத்தைக்கும் கொள்ளுத்தாத்தாவுக்கும் தெரிந்தது எல்லாமே இருபத்தாறு வயது வரைக்கும்தான். இருபத்தேழு வயது அக்காவை அந்தக் குடும்பத்தில் ஒருவரும் பார்த்ததில்லை. அவளுடைய புருவங்களுக்கு நடுவே ஒரு சின்னக் கோடு விழுந்திருந்தது. அந்தக் கோட்டை அவர் இரத்தம் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. எதிரே இருந்து, தன் கண்ணால், முதல்முறையாகப் பார்த்தார். அழுகை வந்துவிட்டது.

"வலிக்குதாடா?" என்று அவள் குனிந்து கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார்.

குமாஸ்தா இருபத்தேழு என்று எழுதி முடித்து, அடுத்த கட்டத்தில் பேனாவை வைத்து, நோயாளியின் இரத்த வகை என்ன என்று கேட்டார். யாரையும் கேட்காமல் அக்காவே சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள்.