மூன்று கிளாஸில் ஒன்று

“வாசனை திரும்பி வந்தா மொதல்ல எது வரணும்னு நெனைக்கிற?”

“கருகுற கொழம்பு.”

“என்னது?”

“அம்மா கொழம்ப அடுப்புல வெச்சிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனாங்க. நான் அடுப்புக்கு முதுகக் காட்டிக்கிட்டு போன் பேசிக்கிட்டு இருந்தேன். எதிர்வீட்டு அக்கா ஓடியாந்து அடுப்ப நிறுத்துனாங்க. தெருவுக்கே தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல. அது ஒண்ணு தெரிஞ்சா போதும் எனக்கு.”

அருள்முருகன் சிரிக்கவில்லை. பையிலிருந்து விரல் நீளச் சின்னப் பாட்டில்கள் நான்கை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தான். “கருகுறத கடைசில பாத்துக்கலாம். கிராம்புல ஆரம்பிப்போம்” என்றான்.

கடலூர் செம்மண்டலத்தில் ஜான்சியின் வீட்டுக் கூடத்தில் மூன்று வருடங்களுக்கு முன்னால் நடந்த பேச்சு இது. அப்போது கொரோனா காய்ச்சல் விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. காய்ச்சல் போகும்போது அவளுடைய மோப்பத்தையும் கொண்டு போய்விட்டது.

வேறு யாருக்காவது அப்படி ஆகியிருந்தால் சாப்பாட்டில் ருசி இல்லை என்பதோடு முடிந்திருக்கும். ஜான்சிக்கு மூக்குதான் உத்தியோகம். புதுச்சேரியில் ஹோட்டல்களுக்கு வெளிநாட்டு ஒயின் வாங்கிக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் ஒயினை முகர்ந்து, வாயில் வைத்துப் பார்த்து, இது எப்படிப்பட்டது, இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று எழுதிக் கொடுப்பவள் அவள். காலையில் இருபது ஒயினை வாயில் வைத்துத் துப்பிவிட்டு, ஒரு சொட்டுக்கூட விழுங்காமல் சாயங்காலம் பஸ் ஏறி வீட்டுக்கு வருவாள். கோயிலில் யாராவது மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், “மருந்து டெஸ்ட் பண்ற மாதிரி ஒரு வேலை” என்று அம்மா தைலம்மாள் சொல்லி வைத்திருந்தாள். மூக்கு போனதும் கம்பெனி அவளை அனுப்பிவிடவில்லை. லாரிகளுக்கு நேரம் குறித்து அனுப்பும் பிரிவில் உட்கார வைத்தது.

அருள்முருகன் அவளுடைய அண்ணன் சேரனின் ஹாஸ்டல் நண்பன். அண்ணாமலை நகரில் பார்மசி மாணவர்களுக்கு மருந்து கலக்கச் சொல்லிக் கொடுக்கிறான். பிரான்சில் இருக்கும் சேரன் ஒருநாள் போன் போட்டு, “மச்சான், தங்கச்சிக்கு மூக்கு போயிடுச்சுடா, ஏதாவது பண்ணு” என்று சொன்னான். அருள்முருகன் ஒரு வாரம் எதை எதையோ படித்துவிட்டு, கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ் என்று நான்கு தைலங்களைப் பாட்டில்களில் ஊற்றிக்கொண்டு வந்தான். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் இருபது விநாடி முகர வேண்டும். முகரும்போது அந்த வாசனையை நினைத்துப் பார்க்க வேண்டும். தைலத்தின் வீரியம் குறைந்துவிடும் என்பதால் வாரா வாரம் மாற்ற வேண்டும். அதற்காகச் சனிக்கிழமைதோறும் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்தான்.

முதல் வருடம் முழுக்க, எது தெரிந்தது என்று அவள் தினமும் குறித்து வைக்கும் நோட்டில் ‘இல்லை, இல்லை, இல்லை’ என்றுதான் இருக்கும். அவன் அதைப் படித்துவிட்டு மூடி வைப்பான். எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. மற்ற எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். சொல்லாமல் இருந்ததற்காகவே ஜான்சி அவனுக்கு நன்றி சொல்ல நினைப்பாள். ஆனால் நன்றி என்று வாயெடுத்தால், “அப்ப அடுத்த வாரம் வரமாட்டேன்” என்பான்.

இரண்டாம் வருடம் தவக்காலத்தில் ஒரு காலை கிராம்பு வந்தது. நிஜமாகவே வந்தது. அவள் அதை நோட்டில் எழுதவில்லை. சனிக்கிழமை வரைக்கும் அடக்கி வைத்திருந்து நேரில் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு பாட்டில் மூடிகளைத் துடைத்தான், துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். அப்புறம் காபி டயர் எரிகிற நாற்றமாக வந்தது. அதுவும் சில மாதத்தில் காபியாக மாறியது. வெட்டிவேர், பென்சில் சீவல், காய்ந்த புகையிலை என்று அவனும் பாட்டில்களைக் கூட்டிக்கொண்டே போனான்.

அவனை அவள் ஒரு தடவைகூட அண்ணா என்று கூப்பிட்டதில்லை. தைலம்மாள் இதைக் கவனித்திருந்தாள். ஒருநாள் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டும் விட்டாள்: “நீயா கேக்கப்போறியா, இல்ல நான் சேரன்கிட்ட சொல்லட்டுமா?”

ஜான்சி மழுப்பவில்லை. ஆனால் அவளுக்கு ஒரு சிக்கல் இருந்தது. மூக்கு இல்லாதபோது கேட்டால், கஷ்டத்துக்குத் துணை தேடுகிறாள் என்று நினைப்பான். வந்த பிறகு கேட்டால், நன்றிக்காகக் கேட்கிறாள் என்று நினைப்பான். எப்போது கேட்டாலும் அது அவன் செய்ததற்குக் கைமாறு மாதிரிதான் ஆகும். இதைச் சொன்னபோது தைலம்மாள், “படிச்சது ஜாஸ்தியாயிட்டா இப்படித்தான்” என்று சொல்லிவிட்டுப் பூண்டுத் தோலை முறத்தில் தள்ளினாள்.

இந்த ஏப்ரலில் இரண்டு காரியங்கள் நடந்தன. கம்பெனி மேலாளர் கூப்பிட்டு, பழைய சிவப்பு ஒயின்களை மதிப்பிட ஒரு குழு அமைக்கிறோம், உன்னால் முடியுமானால் உன் பழைய நாற்காலி காத்திருக்கிறது, திங்கட்கிழமைக்குள் சொல் என்றார். அதற்கு இரண்டு வாரம் முன்னால் ஈஸ்டருக்கு வந்த சேரன் இரண்டு பாட்டில் ஒயின் கொண்டு வந்திருந்தான். இரண்டும் பிரான்சில் பொர்தோ பக்கத்துச் சிவப்பு ஒயின். ஒன்று மூன்று வயசு. இன்னொன்று 2008-ல் போட்டது. தங்கை லேபிளைப் பார்த்துவிடக் கூடாது என்று இரண்டையும் அருள்முருகனின் குவார்ட்டர்ஸில் கொடுத்துவிட்டுப் போனான்.

மூக்கு முழுக்கத் திரும்பிவிட்டதா என்று பார்க்க இதைவிடக் கடினமான பரீட்சை இல்லை. கிராம்பையும் காபியையும் யாரும் கண்டுபிடிப்பார்கள். வயசான ஒயினில் ஒரு வாசனை இன்னொன்றின் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும். தேறினால் பழைய வேலை. தேறாவிட்டால் கடைசி வரைக்கும் லாரிக்கு நேரம் குறிக்க வேண்டியதுதான். தேறிவிட்டால் இன்னொன்றும் உண்டு என்பது ஜான்சிக்குத் தெரியும். அப்புறம் சனிக்கிழமை பாட்டில்கள் தேவைப்படாது. அவன் வருவதற்குக் காரணமே இருக்காது.

சனிக்கிழமை அருள்முருகன் அந்த இரண்டு ஒயின் பாட்டில்களோடு வந்தான். ஜான்சி உள்ளே கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாகப் பீரோவின் மேல் அட்டைப்பெட்டியில் கிடந்த கிளாஸ்கள். துடைத்து எடுத்துக்கொண்டு அவள் கூடத்துக்கு வந்தபோது, துணி சுற்றிய பாட்டிலை அவன் இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் பலமாகக் குலுக்கிக்கொண்டிருந்தான்.

“என்ன பண்றீங்க?”

“அடியில மண்டி நின்னிருந்துச்சு. நல்லாக் கலக்கிட்டேன்.”

பெருமையாகவே சொன்னான். பதினாறு வருடமாக மாணவர்களுக்கு அவன் முதல் நாள் சொல்லிக் கொடுக்கும் பாடமே அதுதான். அடியில் மருந்து தங்கியிருந்தால் குலுக்காமல் ஊற்றாதே.

ஜான்சி தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த தைலம்மாளுக்கும் சிரிப்பு வந்தது, காரணம் தெரியாவிட்டாலும். பழைய சிவப்பு ஒயினில் மண்டி இருக்கத்தான் செய்யும், அது அடியிலேயே கிடக்கட்டும் என்றுதான் பாட்டிலை ஆடாமல் அசையாமல் வைத்து மெல்ல ஊற்றுவார்கள், கலந்துவிட்டால் எல்லாம் கசக்கும் என்று ஜான்சி விளக்கினாள். “இருமல் மருந்துன்னு நெனச்சீங்களா?”

அவன் முகம் வாடிப்போனது. சேரன் அவ்வளவு தூரத்திலிருந்து கொண்டு வந்ததைக் கெடுத்துவிட்டேனே என்றான். கெடவில்லை, நிற்க வைத்தால் மறுபடி தங்கிவிடும், ஒருநாள் ஆகும், அவ்வளவுதான் என்றாள் அவள். அப்புறம், நாளைக்கு வர முடியுமா என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவன் வந்ததே இல்லை.

“வரேன். வராம?” என்றான்.

மறுநாள் காலை பூசை முடிந்து வந்ததும் ஜான்சி வீட்டில் சட்டம் போட்டாள். அடுப்பு பற்ற வைக்கக் கூடாது. ஊதுவத்தி கூடாது. தைலம்மாள் தலையில் இருந்த மல்லிகையைக் கழற்றி பிரிட்ஜில் வைக்க வேண்டியதாயிற்று. “ஞாயித்துக்கெழம மீன் வாங்காத வீடு இந்தத் தெருவுலயே நம்ம வீடுதான். குடிகாரன் வீட்டுலகூட ஒரு பாட்டிலுக்கு இத்தன மரியாத கெடையாது” என்று அவள் சொல்லிக்கொண்டே கழற்றினாள். அருள்முருகன் பவுடர் போடாமல், தலைக்கு எண்ணெய் வைக்காமல் வந்திருந்தான். பார்க்க யாரோ மாதிரி இருந்தான்.

மூன்று கிளாஸ். இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் வேறு. எது வேறு என்று முகர்ந்தே சொல்ல வேண்டும். நிறம் காட்டிக் கொடுத்துவிடும் என்பதால், அம்மா பூசைக்குப் போட்டுப் போகும் முக்காட்டுத் துணியால் ஜான்சியின் கண்ணைக் கட்டினாள். ஊற்றும் வேலையும் அம்மாவுக்கே. அருள்முருகன் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டான்.

முதல் கிளாஸை ஜான்சி முகர்ந்தாள். புதுப் பழம். அதற்குள் பச்சைக் குடமிளகாய் மாதிரி ஒரு நெடி. இரண்டாவதை எடுத்தாள்.

ஒன்றும் இல்லை.

வெறும் ஈரம்தான் மூக்கில் பட்டது. அம்மா மூச்சு விடும் சத்தம் கேட்டது. மூன்றாவதை முகர்ந்தாள். மறுபடி குடமிளகாய், மறுபடி புதுப் பழம். அப்படியானால் இரண்டாவதுதான் வேறு என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் ஒன்றும் தெரியாததை வைத்துச் சொல்வது யூகம். அவள் எழுந்திருக்கவில்லை. பழைய ஒயினை அவசரப்படுத்தக் கூடாது என்பது நினைவுக்கு வந்தது. இத்தனை வருடம் மூடிக் கிடந்தது, காற்றுப் பட நேரம் வேண்டும். இரண்டாவது கிளாஸை மெல்லச் சுழற்றிவிட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்து நிமிடம் இருக்கும். தைலம்மாள் பொறுக்க முடியாமல் செருமினாள்.

மறுபடி எடுத்தாள். முதலில் பென்சில் சீவல் வந்தது. அப்புறம் அதன் கீழே புகையிலை. இன்னும் கீழே, அவன் எந்தப் பாட்டிலிலும் கொண்டு வராத ஒன்று: மழை விட்டதும் தோப்பில் மக்கின இலையைக் கிளறினால் வரும் வாசனை. எல்லாவற்றுக்கும் அடியில் காய்ந்த கருந்திராட்சை.

ஒவ்வொன்றாகச் சொன்னாள். வரிசை தப்பவில்லை. “நடுவுல இருக்கறதுதான் பழசு” என்று முடித்தாள்.

சரியா தப்பா என்று பார்க்கத் துணியை அவிழ்த்தாள். தைலம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சமையலறை வாசலில் அருள்முருகன் நின்றிருந்தான். அவன் கண்ணும் அப்படித்தான் இருந்தது.

ஆண்டவருக்கு நன்றி சொல்லி அம்மா சிலுவை போட்டாள். ஜான்சி மனசுக்குள் நன்றி சொன்ன பட்டியல் இன்னும் நீளமாக இருந்தது. வாரா வாரம் கொண்டு வந்துவிட்ட பஸ்ஸுக்கு, கிராம்புக்கு, இல்லை இல்லை என்று நிரம்பிய அந்த நோட்டுக்கு. ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. கிளாஸைச் சாய்த்து நிறம் பார்த்தாள். நடுவில் சிவப்பு, ஓரத்தில் செங்கல் நிறம். ஒரு வாய் எடுத்து உருட்டி, கிண்ணத்தில் துப்பினாள்.

“துவர்ப்பு நல்லாக் கரைஞ்சிருக்கு. புளிப்பு இன்னும் தாங்கிப் பிடிக்குது. தொண்டைல நிக்கிற நேரம்தான் கொறைச்சல். நாலு வருஷம் முன்னாடி இதோட நல்ல நேரம், இப்ப எறங்குமுகம். நாக்குல லேசா பொடி படுது, அது உங்க கைங்கரியம். நூத்துக்கு எண்பத்தேழு.”

“அவ்வளவுதானா?” அருள்முருகன் எதிரில் வந்து உட்கார்ந்தான். “சேரன் தேடித் தேடி வாங்குனது. உனக்கு மூக்கு வந்த நாள் வேற. நீ நூறு போடுவன்னு நெனச்சேன்.”

“கை துடிக்குதுதான். ஆனா அது ஒயினுக்குப் போடுற மார்க் இல்ல, உங்க ரெண்டு பேருக்கும் போடுறது. அதுக்குத்தான் எங்க வேலைல பாட்டிலுக்குத் துணி சுத்தறது. யாரு குடுத்தாங்க, எவ்வளவு பாடுபட்டாங்க, ஒண்ணும் உள்ள வரக்கூடாது. நன்றிய ஒரு பக்கம் எடுத்து வெச்சிட்டு, கிளாஸ்ல என்ன இருக்குன்னு மட்டும் பாக்கணும்.”

“அப்படிப் பிரிச்சிப் பாக்க முடியுமா மனுஷனால?”

கேலியாகத்தான் கேட்டான். ஜான்சி கிளாஸைக் கீழே வைத்தாள். முடியும். பத்து வருடம் அதைத்தான் சம்பளத்துக்குச் செய்தாள். இதைத் தனக்கே சொல்லிக்கொள்ள இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

தைலம்மாள் மகளின் முகத்தைப் பார்த்தாள். பிரிட்ஜில் வைத்த பூவை எடுத்துவருகிறேன் என்று யாரிடமோ சொல்வது மாதிரி சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அருள்முருகன் பையை மடியில் எடுத்து வைத்து, மேசையிலிருந்த சின்னப் பாட்டில்களை ஒவ்வொன்றாக உள்ளே போட ஆரம்பித்தான். இனி இது வேண்டியிருக்காது என்று மெதுவாகச் சொன்னான். நாலாவது பாட்டிலை எடுக்கப் போன கையை ஜான்சி பிடித்தாள்.

“முடியும்” என்றாள். “உங்க மேல எனக்கு மூணு வருஷ நன்றி இருக்கு. நீங்க சொல்ல விடல, அதனால அப்படியே இருக்கு. அத ஒரு பக்கம் எடுத்து வெச்சிட்டுத்தான் பாத்தேன். வெச்சப்புறமும் மனசுல நீங்க இருக்கீங்க. இது நான் நெதானமாப் பாத்துச் சொல்றது, அருள். என்னக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?”