வருகைப் பதிவேடு

பேருந்து ஓட்டுநர் தன் ஓய்வு நாளான சனிக்கிழமை மாலைகளில், ஒரு தொண்டு அமைப்பின் சார்பில், அடுக்குக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் சும்மா கிடந்த சலவை அறையில் இளைஞர்களுக்குத் தலைமைப் பயிற்சி வகுப்பு நடத்தினார். நாலு பேர் முன் எழுந்து பேசுவது, வேலைக்கான நேர்காணலுக்குப் போவது, கோபம் தலைக்கேறினால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது. முதலில் மூன்று பேர் வந்தார்கள். ஆறு மாதத்தில் பத்தொன்பது. வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தவன் வக்கீல். லிப்ட் பழுது பார்க்கும் இருபத்திரண்டு வயதுக்காரன். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அந்தப் பட்டப்பெயர்.

ஒரு சனிக்கிழமை, வகுப்பு நடந்த நேரத்தில் தெருமுனைக் கடையில் திருட்டு. கடைக்காரர் மண்டை உடைந்தது. மறுநாள் போலீஸ் ஆய்வாளர் வந்தார்.

“பசங்க எல்லாரும் என்கூடத்தான் இருந்தாங்க சார். பாருங்க, கையெழுத்தே இருக்கு,” என்று ஓட்டுநர் வருகைப் பதிவேட்டைத் தானே எடுத்து நீட்டினார்.

அதில் பெயரோடு முகவரியும் இருந்தது. ஆய்வாளருக்கு அது கூட்டாளிகளின் பட்டியல். திங்கட்கிழமை, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் பத்தொன்பது பேரையும் அள்ளிக்கொண்டு போனார்கள். வக்கீல் மட்டும், “எதுக்குன்னு சொல்லுங்க சார், வர்றேன்,” என்று நிதானமாகக் கேட்டான். அதற்குத் தனியாக அடி விழுந்தது. மூன்று நாள் கழித்து விட்டபோது அவனுக்கு இடது காது கேட்கவில்லை. வேலையும் போயிருந்தது.

திருடியவன் கடைக்காரரின் சொந்த மச்சான் என்று பிறகு தெரிந்தது.

ஓட்டுநர் வக்கீலின் வீட்டுக்குப் போனபோது அவன் அக்கா கதவைப் பாதிதான் திறந்தாள்.

“நல்லதுன்னு நெனச்சுத்தாம்மா குடுத்தேன்.”

“தெரியும்ணே. கெட்ட எண்ணத்துல குடுத்திருந்தா, நாலு வார்த்தை திட்டிட்டு மனசு ஆறியிருப்போம்.”

“அடிச்ச போலீஸ் மேல புகார் குடுப்போம். நான் சாட்சி சொல்றேன்.”

உள்ளிருந்து வக்கீல் வந்தான். “பதிவேட்ட நீங்கதான் குடுத்தீங்கன்னும் எழுதுவீங்களா?”

“எழுதுறேன்.”

“முதல் வரியிலயே எழுதுங்க.”

எழுதினார். வகுப்புக்குப் பின்னால் இருந்த தொண்டு அமைப்பு, போலீசைப் பகைத்துக்கொள்ள முடியாது என்று அவரை விலக்கிவிட்டு அறையைப் பூட்டியது. விசாரணை நான்கு முறை தள்ளிப்போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் மூவரும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள், அக்கா நடுவில். வக்கீல் அவர் முகத்தைப் பார்ப்பதே இல்லை. கிளம்பும்போது அக்காதான் அடுத்த தேதியைச் சொல்லிவிட்டுப் போகிறாள்.