ஓர் ஆள் கூடாரம்

தலவாக்கலையில் மக்பூலின் கடையில் இரண்டு கூடாரங்கள் விரிந்து கிடந்தன. ஒன்று பட்டாளத்துக் கான்வாஸ். மற்றது குடைத்துணி போல மெல்லியது. சுருட்டினால் சைக்கிள் பாரில் அடங்கிவிடும்.

பூரணி தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிற்றைக் கொண்டுவந்திருந்தாள். கான்வாஸை அதில் கட்டி நெற்றியில் ஏற்றிப் பார்த்தாள். எடை அவளுக்கு அங்கேதான் தெரியும்.

"இருவது ராத்தல் இருக்கும். ஈரக் கொழுந்த விடக் கொறச்சல்தாங்க."

"நீ சொமந்துருவ. லிந்துலை ஏத்தத்துல சைக்கிள் சொமக்குமா?" என்றான் அவள் புருஷன் சிவசாமி.

"பெரிசுல ரெண்டு பேர் தாராளமா படுக்கலாம், தங்கச்சி," என்று மக்பூல் சிரித்தார். "சின்னது ஒராளுக்குத்தான்."

பூரணி தலையைக் குனிந்துகொண்டாள்.

தொழிற்சங்கத்துக்கு ஆள் சேர்த்ததற்காகப் போன மாதம் சிவசாமியின் வேலை போயிற்று. தோட்டத்து லயக் குடியிருப்பில் அவனைத் தங்கவிட்டால் அவள் வேலையும் போகும் என்பது தோட்டத் துரையின் உத்தரவு. மற்றத் தோட்டங்களிலும் அதே கதை. சங்கம் ஒரு சைக்கிளைக் கொடுத்து, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிரஜாவுரிமை மனுக்களை நிரப்பித் தரச் சொல்லியிருந்தது. ரோட்டோரம் மட்டுமே எந்தத் துரைக்கும் சொந்தமில்லை. அங்கேதான் படுக்க வேண்டும். சனிக்கிழமைகளில் பஸ்ஸேறி அவன் இருக்குமிடத்துக்குப் போய்விடலாம் என்று பூரணி நினைத்திருந்தாள். அவனிடம் சொல்லவில்லை. சொல்லாமலே தெரியும் என்றிருந்தாள்.

"சின்னதையே குடுங்க, நானா. ராகலை வரைக்கும் போகணும்."

அவள் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினாள்.

மாலையில் லயத்துக்கு எதிரே ரோட்டோரம் கூடாரத்தை அடித்தான். தூறலில், கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சோறு கொண்டுபோனாள் பூரணி. அவன் உள்ளே படுத்துக் காட்டினான். பாதங்கள் இரண்டும் வெளியே நனைந்தன.

"சொகமா இருக்கா?"

"பூ மாதிரி இருக்கு, புள்ள."

படங்கை அவன் கால்மேல் போட்டாள்.

"நாளைக்கு நீ என்னத்தக் கட்டுவ?"

"போறப்ப லயத்துப் பக்கம் வந்துறாதீங்க," என்று மட்டும் சொன்னாள்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"படங்கு எங்கடி? புருசனோட அதுவும் ஓடிப்போச்சா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"மறந்துட்டேங்க."

மலைமேல் செடிகள் சேலையை இடுப்புவரை நனைத்தன. நிமிர்ந்தபோது ரோட்டோரம் தெரிந்தது. சைக்கிள் இல்லை, படங்கும் இல்லை. ஓர் ஆள் அளவுக்குப் புல் நசுங்கிக் கிடந்தது. அதைச் சுற்றிலும் ஈரம்.