தண்ணீருக்குள் எடுத்த படங்கள்

மதுரை மேலமாசி வீதியில் பிச்சுமணி நடத்திய போட்டோக் கடையில், 1934 ஆவணியிலிருந்து எடுத்த படங்களில் எல்லாம் ஆட்கள் தண்ணீருக்குள் இருந்தார்கள். கல்யாணப் பெண்ணின் முந்தானை மேலே மிதந்தது. வக்கீல்களின் மீசை ஒரு பக்கமாக அலைந்து நின்றது. குழந்தைகளின் மூக்கிலிருந்து சின்னக் குமிழிகள் ஏறின. படத்துக்கு உட்காரும்போது யாரும் நனையவில்லை. தகட்டைக் கழுவிப் பார்த்தால்தான் தெரியும். பிச்சுமணி முதலில் தகடு கழுவும் மருந்து விற்றவனோடு சண்டை போட்டார், பிறகு லென்ஸைக் கழற்றித் துடைத்தார். கோச்சடையிலிருந்து வந்த சிவனாண்டி என்ற சம்சாரி, தன் குடும்பப் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நம்ம வைகையிலகூட இம்புட்டுத் தெளிஞ்ச தண்ணி ஓடுனதில்லையே அய்யரே" என்று சந்தோஷமாகச் சொல்லி, சம்பந்தி வீட்டுக்கென்று இன்னொரு பிரதியும் கேட்ட பிறகு, பிச்சுமணி கவலைப்படுவதை விட்டுவிட்டார்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. காமிராவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. சீமைக்குத் திரும்பிய ஒரு துரை வீட்டு ஏலத்தில் எடுத்தது. படத்துக்கு உட்காரும் குழந்தைகள் அழாமல் அந்தப் பக்கம் பார்க்கட்டும் என்று பிச்சுமணி அதில் கொழும்புச் சிவப்பு மீன்களை விட்டிருந்தார். தண்ணீர் நாறும், மீன் செத்து மிதக்கும், வேறு மீன் வாங்கிப் போடுவார். அந்த ஆவணியில்தான் அவருடைய தங்கை ஜகதாம்பாள் புருஷனைப் பறிகொடுத்து, மழித்த தலையும் நார்மடிப் புடவையுமாக அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். இருபத்து மூன்று வயது. கடைக்குப் பின்கட்டுதான் வீடு. கல்யாண ஜோடிகள் வந்துபோகிற இடத்தில் அவள் எதிர்ப்படக்கூடாது என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே ஏற்பட்டுவிட்ட ஏற்பாடு. விடிந்ததிலிருந்து கடை திறக்கும் வரைக்கும் முன்கட்டு அவளுடையதாக இருந்தது. அந்த நேரத்தில் அவள் தொட்டியைப் பார்த்துக்கொண்டாள்.

அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. செத்த மீன்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை அடித்தால் அதை மண்பானையில் ஒரு நாள் திறந்து வைத்து, வாடை போன பிறகே ஊற்றினாள். தாமிரக் குடத்துத் தண்ணீர் மனுஷருக்கு நல்லது, மீனுக்கு ஆகாது என்று கண்டுகொண்டாள். பப்பாளி இலைக் காம்பின் மேல் துவாரத்தைக் கட்டைவிரலால் மூடி, தொட்டியின் அடிவரை இறக்கி, விரலை எடுப்பாள். கசடு காம்புக்குள் ஏறியதும் மறுபடி மூடி வெளியே எடுத்துவிடுவாள். மீன் அசையக்கூட அசையாது. எது செய்தாலும் மொத்தத் தண்ணீரையும் மாற்றமாட்டாள். நாலில் ஒரு பங்கு எடுப்பாள், நாலில் ஒரு பங்கு விடுவாள். கண்ணாடிக் கூரை வெளிச்சத்தில் பாசி பிடிக்காமலிருக்க, வெயில் விழும் பக்கத்தில் நீலத் துணியைக் கட்டிவைத்தாள். குழந்தைகள் பொரியை அள்ளிப் போட்டுவிட்டுப் போன நாட்களில் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

ஒத்தக்கடையிலிருந்தும் பரவையிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு ஜனங்கள் வந்தார்கள். மற்ற கடைப் படங்களில் ஆட்கள் காய்ந்து தெரிகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு மாசி மாதம் ஜகதாம்பாள் காய்ச்சலில் படுத்தாள். அந்த நாட்களில் படத்துக்கு வந்த ஒரு தாசில்தார் இடுப்பளவு கலங்கலில் நின்றார். அவள் எழுந்து தொட்டியருகில் போனதும் தெளிந்துவிட்டது. பிச்சுமணிக்கு விஷயம் புரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை. வந்த லாபத்தில் புதுக் காமிரா ஒன்று வாங்கினார்.

1938 மார்கழியில் ஒரு காலை, அவர் தகடு துடைத்துக்கொண்டிருந்தபோது தொட்டிப் பக்கமிருந்து அவள் குரல் வந்தது.

"அண்ணா, என்னையும் ஒரு படம் எடேன். சின்னதா இருந்தாப் போறும்."

"உன்னையா?"

"இந்த மீனோட. யாருக்கும் காட்ட வேண்டாம். நானே வெச்சுக்கறேன்."

"மாமா காதுல விழுந்தா என்ன ஆகும்னு தெரியாதா நோக்கு? சித்த நாள் போகட்டும், பாக்கலாம்."

மாமா என்பது தாய்மாமா சுப்பராமன். குடும்பத்தில் நல்லது கெட்டதற்கெல்லாம் அவர் சொல்தான். ஜகதாம்பாள் "சரிண்ணா" என்று சொல்லிவிட்டுக் காம்பைத் தண்ணீரில் இறக்கினாள். பிறகு அவள் கேட்கவே இல்லை. பின்னாளில் பிச்சுமணியை அறுத்தது அவர் மறுத்தது அல்ல. அவர் கோபப்படக்கூட இல்லை, தகட்டிலிருந்து தலையைத் திருப்பி அவள் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை. எப்படிப்பட்ட முகத்தோடு அவள் அதைக் கேட்டாள் என்பது அவருக்குத் தெரியாமலே போயிற்று.

1941 ஐப்பசியில் ஜகதாம்பாள் விஷக்காய்ச்சலில் இறந்தாள். காரியங்களை நடத்த வந்த சுப்பராமன் மாமா, வீட்டில் தேங்கிய தண்ணீர் அத்தனையும் தீட்டு, ஒரு சொட்டு இருக்கக்கூடாது, கொட்டு என்றார். குடம், அண்டா எல்லாம் காலியாயின. அவர் தொட்டியையும் காட்டினார். அது அவள் ஏழு வருஷம் பக்குவப்படுத்திய தண்ணீர். "மாமா, இது…" என்று தொடங்கிய பிச்சுமணி, அந்த வாக்கியத்தை முடிக்காமல் இருந்த இரண்டு மீன்களையும் கைக்கு அகப்பட்ட தாமிரக் குடத்தில் புதுத் தண்ணீர் பிடித்து விட்டுவிட்டு, தொட்டியைச் சாக்கடையில் கவிழ்த்தார். சாயங்காலத்துக்குள் ஒரு மீன் செத்தது.

புதுத் தண்ணீர் ஊற்றிய பிறகு எடுத்த படங்களில் ஆட்கள் பாலுக்குள் இருந்தார்கள். மூக்கும் நெற்றியும் மட்டும் தெரிந்தன. வெள்ளை வடிந்ததும் பச்சை பிடித்தது. நீலத் துணியைத் துவைக்கப் போட்டதுதான் காரணம் என்று தெரிய அவருக்கு ஒரு கோடைகாலம் ஆயிற்று. ஜனங்கள் முணுமுணுத்தார்கள், வேறு கடைக்குப் போனார்கள். மண்பானை எதற்கு, கால் பங்கு எதற்கு என்று அவர் ஒவ்வொரு தப்பாகச் செய்து செய்து தெரிந்துகொண்டார். ஒவ்வொன்று தெரியும்போதும், அவள் இதைப் பேச்சில்லாமல் செய்துகொண்டிருந்த காலைகளில் தான் பின்னால் நின்று காப்பி குடித்தது ஞாபகம் வந்தது. மெல்ல மெல்லத் தண்ணீர் தெளிந்தது. படங்களும் தெளிந்தன.

அதன்பின் அவர் ஒவ்வொரு படத்தையும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடத் தொடங்கினார். இத்தனை தண்ணீர் படத்துக்குள் வரும்போது அவளும் எங்காவது ஒரு மூலையில் வந்திருக்கக்கூடாதா என்று நினைத்தார். மாப்பிள்ளைகளின் தோளுக்குப் பின்னால் பார்த்தார், பட்டப் படிப்பு முடித்தவர்களின் அங்கி மடிப்பில் பார்த்தார். அவள் வரவில்லை.

யுத்தத்தால் தகடு கிடைப்பது அரிதாகிவிட்டது. 1944 தையில், இருந்த தகடுகளில் நல்லதாக ஒன்றை எடுத்து, கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஒரு நாற்காலி போட்டு, பக்கத்தில் தொட்டியை நகர்த்தி, உட்கார்ந்திருப்பவளுக்கு வைப்பது போல வெளிச்சத்தைச் சரிசெய்து, வெறும் நாற்காலியைப் படம் எடுத்தார். மனைவி பாலாம்பாள் கதவோரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். கழுவிப் பார்த்தால் நாற்காலி, தெளிந்த தண்ணீர், ஒற்றை மீன். வேறொன்றுமில்லை. இருந்தாலும் சட்டம் போட்டு, வருகிறவர்கள் காத்திருக்கும் கூடத்தில் மாட்டினார். சுப்பராமன் மாமா அப்போது உயிரோடுதான் இருந்தார்.

பரவையில் காய்கறி விற்கும் முத்துத்தாய், பட்டாளத்துக்குப் போகிற மகனோடு படம் எடுத்துக்கொள்ள வந்தவள், காத்திருந்த நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"யாரு அய்யரே, ஒங்க தங்கச்சியா? ஒங்க சாடை அப்படியே இருக்கு."

பிச்சுமணி கையிலிருந்த கறுப்புத் துணியைக் கீழே வைத்தார். படத்தைப் பார்த்தார். நாற்காலி இருந்தது.

"சிரிக்கறாளா?" என்று கேட்டார்.

முத்துத்தாய் இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தாள். "சிரிக்கல. மொத மொத படத்துக்கு உக்காந்தா ஒரு கூச்சம் இருக்கும்ல, அம்புட்டுத்தான். கையத் தொட்டி மேல வச்சிருக்காக. ஏன், ஒங்களுக்குத் தெரியலையா?"

"தெரியல."

"அதுக்கென்ன, நாங்க பாத்துச் சொல்றோம்" என்றாள் அவள்.

கடை இருந்த வரைக்கும் அப்படியே நடந்தது. படத்தைப் பார்த்த எவருக்கும் அவள் தெரிந்தாள், பிச்சுமணிக்குத் தெரியவில்லை. காலையில் தண்ணீரில் கால் பங்கை மாற்றிவிட்டுக் கடையைத் திறந்து, முதலில் வருகிறவர்களிடம் "இன்னிக்கு எப்படி இருக்கா?" என்று கேட்பார். அவர்கள் ஏறிட்டுப் பார்த்து, நல்லா இருக்காக என்று, கண் தெரியாதவருக்கு வழி சொல்வது போல நிதானமாகச் சொல்லிவிட்டு, தலையைச் சீவிக்கொண்டு தங்கள் படத்துக்குப் போய் உட்காருவார்கள்.