இந்தக் கதையில் குழந்தை அழ வேண்டியிருந்தது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது சோகக் கதையாகத்தான் உருவானது. வெளிநாட்டுக்குக் குடிபோன புதிதில், ஒரு குழந்தைகள் காப்பகத்தின் தாழ்வாரத்தில், குட்டிக் குட்டிச் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து இதை மனதுக்குள் எழுத ஆரம்பித்தேன். உள்ளே என் மகள். இரண்டரை வயது. பொடியாக இருப்பாள், ஆனால் சுருக்கென்று குத்துவாள் என்பதால் வீட்டில் அவள் பெயர் குண்டூசி. அன்று அவளுக்கு அங்கே முதல் நாள். கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவருக்கும் அவள் மொழி தெரியாது. இதைவிடத் தோதான சோகம் ஓர் எழுத்தாளனுக்கு எங்கே கிடைக்கும்?

முதல் வரியும் தயாராக இருந்தது:

"கதவுக்குப் பின்னாலிருந்து அந்த அழுகைச் சத்தம் கேட்டபோது அவன்—"

(இந்த வரியை முடிக்க முடியவில்லை. அழுகைச் சத்தம் கேட்கவே இல்லை.)

2

கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்குகிறேன்.

என் மனைவி நர்ஸ். அவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்துத்தான் விமானம் ஏறினோம். நான் லிஃப்ட் மெக்கானிக். கதை எழுதுவது ஓய்வு நேரத்தில். எனக்கும் ஒரு கம்பெனியில் வேலை தயாராக இருந்தது. மாதக் கடைசிக்குள் வந்து சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள். சேரலாம்தான். குண்டூசியை யாரிடம் விடுவது?

காப்பகங்களுக்குக் குறைவில்லை. இடத்துக்குத்தான் பஞ்சம். அந்த நாட்டு மொழியில் நான் முதலில் கற்றுக்கொண்ட சொல்லே 'இடமில்லை'. தள்ளுவண்டியில் குண்டூசியை உட்காரவைத்துத் தெருத்தெருவாக அலைந்தேன். ஒரு காப்பகத்தில் அடுத்த வருடம் வரச் சொன்னார்கள். இன்னொன்றில், பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே பெயர் பதிந்திருக்க வேண்டும் என்றார்கள். அப்போது இப்படியொரு ஊர் இருப்பதே எங்களுக்குத் தெரியாது என்றேன். பாவமாகப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

இந்த இடத்தில் கதைக்குக் கொஞ்சம் கண்ணீர் தேவைப்பட்டது. எழுதினேன்: "மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்." படித்துப் பார்த்த மனைவி கேட்டாள்:

"நான் எப்பங்க அழுதேன்?"

"கதைக்காகப் போட்டேன்."

"அழுதது நீங்க. தள்ளுவண்டிய மடக்கத் தெரியாம விரல நசுக்கிக்கிட்டு."

(திருத்தம்: அழுதது நான். விரல்தான் காரணம் என்று வைத்துக்கொள்வோம்.)

"அன்னைக்கு நான் ஒண்ணு சொன்னேனே, அத ஏன் விட்டுட்டீங்க?"

விடவில்லை. எழுதத் தயங்கினேன். கெடு நெருங்கிய வாரம், சீருடையைக்கூட மாற்றாமல் தரையில் உட்கார்ந்து அவள் சொன்னாள்: "இடம் கெடைக்கலன்னா நான் வேலைய விட்டுடறேன். நீங்க வேலைக்குப் போங்க. பாப்பாவ நான் பாத்துக்கறேன்." வருடக்கணக்கில் படித்து, பரீட்சைக்கு மேல் பரீட்சை எழுதி வாங்கிய வேலை. அதை டம்ளரை நகர்த்துவதுபோல் நகர்த்தி வைத்தாள்.

"அந்தப் பேச்சே வேணாம்," என்றேன். வேறு என்ன பேச்சு என்று எனக்கும் தெரியவில்லை.

3

பூங்காவை ஒட்டி ஒரு காப்பகம். அதன் பொறுப்பாளர் நல்ல உயரம். நெட்டை மேடம் என்று வைத்துக்கொள்வோம். (எல்லாரையும் தமிழிலேயே பேசவைக்கிறேன். அவர்கள் பேசியதில் பாதிதான் எனக்குப் புரிந்தது. மீதி என் கைச்சரக்கு.)

"இடமில்லைங்க," என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குண்டூசி என் கையை உதறிவிட்டு உள்ளே போய்விட்டாள். அங்கே மேஜைக்கு அடியில் அவள் வயதுச் சுருட்டைமுடிக்காரி ஒருத்தி படுத்து வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அப்படித்தானாம். குண்டூசி குனிந்து பார்த்தாள்.

"ஒளிஞ்சிருக்கியா? நானும் வரேன்."

ஊர்ந்து உள்ளே போனாள். கத்தல் நின்றது. சற்று நேரத்தில் அடியிலிருந்து கிக்கிக்கென்று இரட்டைச் சிரிப்பு வந்தது.

நெட்டை மேடம் மனம் இளகி இடம் கொடுத்துவிட்டார் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அவர் கொடுக்கவில்லை. "தங்கமான பொண்ணு," என்றார். "ஆனா இடமில்லையே." குண்டூசியைக் காலைப் பிடித்து இழுத்துத்தான் வெளியே கொண்டுவந்தேன்.

இடம் கிடைத்தது வேறு விதமாக. சில நாள் கழித்து அவரே போன் செய்தார். ஒரு குடும்பம் ஊர் மாறிப் போகிறது. மத்தியானத்துக்கு மட்டும் ஓர் இடம் காலி. வரிசையில் இருப்பவர்கள் எல்லாரும் முழு நாள்தான் கேட்கிறார்கள். "உங்களுக்கு ஒத்துவருமா?"

அதைக் கேட்க லிஃப்ட் கம்பெனி முதலாளி முன்னால் போய் நின்றேன். கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"காலையில வர முடியாதா?"

"பாப்பாவ விட்டுட்டு மத்தியானம் வரேன் சார். சாயங்காலம் அவ அம்மா கூட்டிட்டுப் போயிடுவா. நான் ராத்திரி வரைக்கும் இருக்கேன்."

"நல்லதாப் போச்சு. எல்லாரும் வேல முடிஞ்சு வீட்டுக்குக் கிளம்புற நேரத்துலதான் லிஃப்ட் நிக்கும். அப்பப் பாத்து நம்ம ஆளுங்களும் கிளம்பிடறாங்க."

மனைவியிடம் வந்து சொன்னேன். அவள் குண்டூசியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு அறையை ஒரு சுற்றுச் சுற்றினாள். கூரை விளக்கு மயிரிழையில் தப்பியது.

4

ஆக, தாழ்வாரம். "அழுதா கூப்பிடறோம், இங்கயே இருங்க," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் நெட்டை மேடம். யாரும் கூப்பிடவில்லை. சாயங்காலம் தோட்டத்துப் பக்கம் ஒரே கூச்சல். எழுந்து ஓடினேன்.

சிவப்பு மரவண்டி ஒன்று. அதில் குண்டூசியும் சுருட்டைமுடிக்காரியும். ஆயா ஒருத்தி கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். வண்டி நின்றதும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள்: "இன்னொருவாட்டி!" (இது மட்டும் நிஜமாகவே தமிழில்.)

நெட்டை மேடம் என் பக்கம் வந்தார். "அது என்ன வார்த்தைங்க? பால் ஊத்தினாலும் அதையே சொல்லுதுங்க, படம் காட்டினாலும் அதையே சொல்லுதுங்க."

அர்த்தம் சொன்னேன். மெதுவாகத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மனைவி சீருடையோடு வந்து சேர்ந்தாள். "பாப்பா, வா போலாம்."

"நீ போ," என்றாள் குண்டூசி.

மனைவி பையை வேலியோரம் வைத்துவிட்டு ஆயாவிடமிருந்து கயிற்றை வாங்கினாள்.

5

முடிவு.

மறுநாள் வாசலில் அவள் கொஞ்சம் அழத்தான் செய்தாள் என்று எழுதி முடிக்கலாம். உண்மைதான், ஆனால் அது மறுநாள் கதை. பிறகு பள்ளிக்கூடம் தேடி அலைந்ததையும் தொட்டால் இது நாவலாகிவிடும்.

வண்டியை நிறுத்தி அவளை இறக்கினால்தான் இந்தக் கதை முடியும். என்னால் ஆகவில்லை. நீங்கள் அவளுக்குப் புது ஆள்; நீங்கள் சொன்னால் கேட்டாலும் கேட்பாள். போய்ப் பாருங்கள். கயிற்றை மட்டும் கையில் வாங்கிவிடாதீர்கள். என் மனைவி வாங்கினாள், இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறாள்.