பச்சை மேலாடை துவைத்த நாள்

இந்த வருஷம் எங்கள் தெருக்குழுவுக்குத் தலைவி நான். ஆசைப்பட்டு வந்த பதவியில்லை. சீட்டு என் பெயருக்கு விழுந்தது. அறிவிப்புத் தாளைப் பலகையில் செருகி அடுத்த வீட்டு வாசலில் மாட்டவேண்டும். படித்தவர்கள் தாளின் ஓரத்தில் தங்கள் பெயர் முத்திரையைக் குத்தி அதற்கடுத்த வீட்டுக்குத் தள்ளுவார்கள். இவ்வளவுதான் வேலை. அதிலும் கோட்டை விட்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காவல் நிலையத்திலிருந்து கைபேசிக்கு எச்சரிக்கை வந்தது. 'பூங்கா முனை, மாலை மூன்றரை மணி. எழுபது வயது மதிக்கத்தக்க ஆண், சாம்பல் தொப்பி. தனியாக வந்த மாணவியிடம், "வந்துட்டியா? வெயில்ல நிக்காம வீட்டுக்குப் போ" என்று பேசினார். மாணவி ஓடிவிட்டாள்.' அடப்பாவி, நம் தெருவிலா என்று பதறி, பெரிய எழுத்தில் அச்சடித்து உடனே பலகையை அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன். மனிதர் மிசோ சூப் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அடியே, அது நம்ம குசகபே ஐயாடி! ஆறு வருஷமா அந்த முனையில நின்னு புள்ளைங்கள ரோடு தாண்டி விடுறவரு."

"அவரு காவல்குழு பச்சை மேலாடை போட்டிருப்பாரே?"

"நேத்து அது கொடியில காஞ்சுது. நானே பார்த்தேன்."

ஓடிய மாணவி எங்கள் தெரு வகானாதான் என்றும் சொன்னார். ஏப்ரலில்தான் பள்ளியில் சேர்ந்தவள். பச்சை மேலாடையைத்தான் அவளுக்குத் தெரியும், அதைப் போட்டிருந்த முகத்தைத் தெரியாது.

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். பலகை குசகபே வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டு வாசலில் தொங்கியது. அந்தத் தாளின் ஓரத்தில் அவர் முத்திரை, கொஞ்சமும் கோணாமல். எனக்கு அவமானமாக இருந்தது.

"மன்னிச்சிடுங்க ஐயா" என்று அவர் வாசலில் குனிந்தேன்.

"எதுக்கும்மா? பாதி படிக்கிற வரைக்கும், யாருடா இவன், நாளைக்கு முனையில ஒரு கண்ணு வெக்கணும்னு நானே நினைச்சேன். தொப்பியைப் படிச்சப்புறம்தான் உறைச்சுது." சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஆள் நீங்கதான்னு இன்னொரு தாள் அனுப்பிடுறேன்."

"வேண்டாம். அந்தப் புள்ள ஓடினது சரி. தப்புன்னு சொல்லிட்டா, நாளைக்கு நெஜமாவே எவனாவது வந்தா ஓடமாட்டா."

"அப்ப உங்க பேரு?"

"தாள்ல பேரு இல்லையேம்மா. தொப்பிதானே இருக்கு."

அன்று மாலை மனசு கேட்காமல் முனைக்குப் போனேன். பச்சை மேலாடையோடு நின்றிருந்தார். தலையில் தொப்பி இல்லை. வகானா வந்தாள். நேற்று தன்னைப் பயமுறுத்தியவர் இவர்தான் என்று அவளுக்குத் தெரியவேயில்லை.

"வந்துட்டேன் தாத்தா!" என்று தினமும் போலக் கத்தினாள்.

அவர் கையிலிருந்த சிறு கொடியை நீட்டிக் காரை நிறுத்தினார். தலையை மட்டும் அசைத்தார். வாயைத் திறக்கவில்லை. அவள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. "ஒரு வார்த்தை சொன்னா என்ன ஐயா?"

"நேத்து கேட்ட குரலாச்சேம்மா" என்றார், என்னைப் பார்க்காமல். அவள் போன சந்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குள்ள போயிட்டா" என்றார்.